முதல் கட்டுரை நூல் எது? ஆறு துறைகள், ஆறு நூல்கள், ஓர் ஒப்பீடு

நாவல்களையும் சிறுகதைகளையும் பல ஆண்டுகளாகப் படித்துவரும் ஒருவர், கட்டுரை நூல்களின் பக்கம் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறார். சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய், பத்து விழுக்காடு கழிவில் நான்கைந்து தடித்த நூல்களை வாங்கி வருகிறார். சித்திரை பிறப்பதற்குள் அவை எல்லாவற்றிலும் நாற்பதாம் பக்கத்தை ஒட்டி அடையாளத் தாள் நின்றுபோகிறது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆண்டுதோறும் கோடை தொடங்கும்போது என்னிடம் வருகிற கேள்வி இதுதான்: வரலாறு, இயற்கை, தன்வரலாறு, சமூகம், அறிவியல் என்று எத்தனையோ துறைகள் இருக்கின்றன, எந்த நூலில் தொடங்கினால் முடிக்க முடியும்?

முன்பெல்லாம் நான், “உங்களுக்கு எந்தத் துறையில் ஆர்வம்?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அந்தத் துறையின் பெயர்பெற்ற நூல் ஒன்றைச் சொல்லி அனுப்புவேன். அது தவறான முறை என்று பல நூல்கள் படிக்கப்படாமலே திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது. சோழர் வரலாற்றின் மீது தீராத ஆர்வம் கொண்ட ஒருவரால்கூடக் கல்வெட்டு எண்களும் அடிக்குறிப்புகளும் நிறைந்த ஆய்வு நூலில் முப்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கதை படிப்பவர் கதைசொல்லியை நம்பிக் கூடவே நடந்து பழகியவர். கட்டுரை நூலைப் படிப்பவரோ, “இது இவருக்கு எப்படித் தெரியும்?” என்று இடையிடையே நின்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அந்தக் கேள்வியைச் சுமையாக்காமல் பழக்கமாக்கித் தருகிற நூலே முதல் நூலாக இருக்கத் தகுதியானது என்பது என் முடிவு. துறை எது என்பது அதற்கு அடுத்துத்தான்.

எவற்றை வைத்து ஒப்பிடுகிறேன்

முதல் அளவுகோல் சான்று. ஆசிரியர் தாம் சொல்வதை நேரில் கண்டாரா, ஆவணத்தில் படித்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, ஊகிக்கிறாரா என்பது வாசகருக்குத் தெரிகிற வகையில் எழுதியிருக்கிறாரா என்று பார்க்கிறேன். இரண்டாவது மொழி. நடை கடினமா எளிதா என்பதைவிட, எத்தனை பக்கங்களில் அது பழகிவிடும் என்பதே முக்கியம். மூன்றாவது, துண்டு துண்டாகப் படிக்க இயலுமா என்பது. பேருந்தில் கிடைக்கும் இருபது நிமிடமும் இரவு உணவுக்குப் பிந்தைய அரைமணி நேரமும்தான் நம்மில் பெரும்பாலோருடைய வாசிப்பு நேரம். நான்காவது, அந்நூல் வாசகரிடம் எதிர்பார்க்கிற முன்னறிவு.

ஐந்தாவது அளவுகோல், அட்டையில் அச்சிடப்படாத செலவு. நூலின் விலையை நான் இங்கே சொல்லவில்லை. ஒரு நூலைப் புரிந்துகொள்ள இன்னொரு நூலைத் தேட வேண்டியிருப்பது, நூல் வெளிவந்த பின் அதன் செய்திகள் பழையதாகிப்போவது, படித்ததை அப்படியே நம்பி வெளியில் சொல்லிப் பிறகு திருத்திக்கொள்ள நேர்வது ஆகியவற்றைச் சொல்கிறேன்.

ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆறு நூல்களையும் முதலில் ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன்.

| நூல் | துறை | படிக்கும் அலகு | தேவைப்படும் முன்னறிவு | அச்சிடப்படாத செலவு |
|---|---|---|---|---|
| என் சரித்திரம் (உ. வே. சாமிநாதையர்) | தன்வரலாறு | 122 சிறு அத்தியாயங்கள் | குறைவு | மூன்று நான்கு மாத காலம் |
| பண்பாட்டு அசைவுகள் (தொ. பரமசிவன்) | நாட்டார் வழக்காறு, பண்பாடு | சில பக்கக் கட்டுரைகள் | இல்லை | சரிபார்க்கும் பொறுப்பு வாசகருடையது |
| மழைக்காலமும் குயிலோசையும் (மா. கிருஷ்ணன்) | இயற்கை | தனித்தனிக் கட்டுரைகள் | இல்லை | பெயர்களை உயிர்களோடு பொருத்தும் உழைப்பு |
| திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908 (ஆ. இரா. வேங்கடாசலபதி) | வரலாறு | தொடர்ச்சியாகப் படிக்க வேண்டும் | ஓரளவு | அடிக்குறிப்புகளுக்கான பொறுமை |
| சாதியை அழித்தொழித்தல் (பி. ஆர். அம்பேத்கர்) | சமூகச் சிந்தனை | ஒரே நீண்ட உரை | ஓரளவு | முன்னுரை நூலை மறைத்துவிடும் அபாயம் |
| சேப்பியன்ஸ் (யுவால் நோவா ஹராரி, தமிழில் நாகலட்சுமி சண்முகம்) | மனிதகுல வரலாறு, அறிவியல் | பெரிய அத்தியாயங்கள் | குறைவு | காலத்தால் பழையதாகும் செய்திகள் |

என் சரித்திரம்: ஒரு மாணவர் ஆய்வாளராக மாறும் கதை

ஆனந்த விகடனில் 1940-இல் தொடராக வெளிவரத் தொடங்கி, 1942 ஏப்ரலில் ஆசிரியர் மறைந்தபோது முற்றுப்பெறாமலே நின்றுபோன நூல் இது. புத்தக வடிவம் 1950-இல்தான் கிடைத்தது. வார இதழுக்காக எழுதப்பட்டதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே மூச்சில் படித்துமுடிக்கும் அளவில் இருக்கிறது. நூலின் பருமனைக் கண்டு மலைப்பவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்: நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் நான்கு மாதம், சுமை துளியும் தெரியாது.

நடையைப் பற்றிப் பலருக்குத் தவறான அச்சம் இருக்கிறது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் கடும் பண்டிதத் தமிழில்தான் எழுதியிருப்பார் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டாமலே வைத்துவிடுகிறார்கள். உண்மையில் இந்நூல் தெளிந்த, நிதானமான பேச்சைப் போல ஓடுகிறது. ‘வருஷம்’, ‘பிரயோசனம்’ போன்ற அக்காலச் சொற்கள் பத்துப் பக்கத்தில் காதுக்குப் பழகிவிடும்.

இதை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் நூலின் நடுப்பகுதி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டு, அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று எத்தனையோ பிரபந்தங்களைக் கரைத்துக் குடித்த இளைஞர், 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை நீதிபதியாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். படித்தவற்றையெல்லாம் இவர் வரிசையாக அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பு தோன்றவே இல்லை. அவ்வளவையும் கேட்டுவிட்டு, இவற்றைப் படித்ததனால் என்ன பயன், பழைய நூல்கள் ஏதேனும் படித்ததுண்டா என்கிறார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்ற பெயர்கள் அந்த உரையாடலில்தான் ஒரு பெரும் புலவரின் மாணவருக்குப் படிக்க வேண்டிய நூல்களாக முன்னே வந்து நிற்கின்றன. தாம் கற்றதற்கு அப்பால் ஒரு பெரும் நிலப்பரப்பு இருக்கிறது என்று ஒருவர் உணரும் கணத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தமிழ் நூல் வேறொன்றை நான் படித்ததில்லை.

அதன் பிறகு நூல் துப்பறியும் கதையின் வேகத்தைப் பெற்றுவிடுகிறது. சிந்தாமணியின் ஏட்டுப் பிரதியும் உரையும் கையில் இருந்தும், சைன சமயத்துச் செய்திகள் பிடிபடவில்லை. விளக்கம் தேடிக் கும்பகோணத்துச் சைனர் ஒருவருடைய வீட்டுக்குப் போனால், அங்கே அன்றைக்கு விசேஷ அலங்காரம் செய்திருக்கிறது. காரணம் கேட்டபோது, சிந்தாமணி படித்துவந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்று பதில் வருகிறது. தாம் ஏடுகளில் தேடித் தவித்த நூல் நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் நாள்தோறும் படிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஏட்டில் இருப்பதும் மக்களிடம் இருப்பதும் ஒன்றையொன்று நிரப்புகிறவை என்பதை எந்த ஆய்வு நெறிமுறைப் பாடமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறுகிறது. ‘இவருக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு நூல் முழுவதுமே விடையாக இருக்கிறது.

செலவு என்று பார்த்தால் பணம் ஒரு பொருட்டே இல்லை. பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் முதல் பகுதியில் உறவுமுறைகள், ஊர்ப் பெயர்கள், ஆதீனத்து நடைமுறைகள் அடுத்தடுத்து வருவதால் சிலர் அங்கேயே களைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் சிந்தாமணி அத்தியாயங்களை முதலில் படித்துவிட்டுப் பிறகு தொடக்கத்துக்குத் திரும்பலாம் என்பேன். அதில் குற்றம் ஒன்றுமில்லை. தன்வரலாறு என்பதால் எல்லாமே ஒருவருடைய கண் வழியாகத்தான் தெரிகிறது என்பதையும், பழந்தமிழ்ப் பதிப்பில் சி. வை. தாமோதரம் பிள்ளை போன்ற பிறரும் உழைத்திருக்கிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பண்பாட்டு அசைவுகள்: சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது

தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ 1997-இல் வந்தது. அதன் கட்டுரைகளையும் வேறு சில கட்டுரைகளையும் சேர்த்த தொகுப்பு இது. உப்பு, எண்ணெய், உரல், தாலி, பல்லாங்குழி என்று நம் கைக்கும் கண்ணுக்கும் பழகிய பொருள்களைத் தலைப்பாக்கிச் சில பக்கங்களில் முடித்துவிடுகிற கட்டுரைகள். ஆறு நூல்களில் மிக எளிதாகத் தொடங்கக் கூடியது இதுதான். நேரம் இல்லை என்று சொல்கிறவர்களிடம் நான் தயங்காமல் இதையே கொடுக்கிறேன்.

ஆனால் என் முதல் அளவுகோலில் இந்நூலுக்குத் தனியான ஓர் இடம் உண்டு. கல்வெட்டு, இலக்கியம், கள ஆய்வு, பெரியவர்கள் சொன்னது எல்லாம் ஒரே பத்தியில் ஒன்றாகக் கலந்து வரும். இன்ன செய்தி இன்ன இடத்திலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டும் குறிப்புகள் குறைவு. சம்பளம் என்ற சொல் நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்த வழக்கத்திலிருந்து வந்தது என்பது போன்ற சொல்விளக்கங்கள் படித்தவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை மறுநாளே மேடையில் முடிந்த முடிபாகச் சொல்லிவிடுவதுதான் இந்நூலின் வாசகர்கள் பலர் செய்கிற பிழை.

அதே வேளையில், சரிபார்க்கும் வழி வாசகரின் வீட்டிலேயே இருக்கிறது என்பது வேறு எந்த நூலுக்கும் இல்லாத வசதி. பல்லாங்குழி பற்றிய கட்டுரை, இருபுறமும் குழிக்கு இத்தனை காய் என்று சமமாகத் தொடங்குகிற ஆட்டம் ஒருவர் எல்லாவற்றையும் இழப்பதில் முடிகிறதே என்று கேட்டு, தனிச்சொத்து தோன்றிய காலத்தின் நினைவை அதில் காண்கிறது. அதைப் படித்த அன்று என் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பெட்டிக்கு அடியிலிருந்த மரப் பலகையை எடுத்துத் துடைத்து, புளியங்கொட்டைகளை ஏழேழு குழிகளில் இட்டு, நான்கு சேர்ந்தால் அது ‘பசு’ என்று அள்ளிக் காட்டினார். பிறகு, “தோத்தவளுக்குக் கடன் குடுத்து ஆட்டத்தை இழுப்போம்டா, ஒரேயடியா முடிச்சுட்டா அப்புறம் யாரோட ஆடுறது?” என்றார். நூலில் இல்லாத அந்த ஒரு வரி, நூல் சொன்ன கருத்தோடு என்னை நெடுநாள் மல்லுக்கட்ட வைத்தது. ஆசிரியர் சொல்வதை ஏற்பதும் மறுப்பதுமாக வாசகர் தாமே சான்று திரட்டத் தொடங்கிவிடுகிறார் அல்லவா, அதற்காகவே இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருந்தால் இந்நூலே உங்களுக்கு முதல் நூல். அவர்களிடம் கேட்கக் கூடிய காலத்திலேயே படித்துவிடுங்கள். நகரத்தில் தனியாக இருந்துகொண்டு, கேட்பதற்கு ஆளின்றிப் படிப்பவருக்கு இதன் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

மழைக்காலமும் குயிலோசையும்: பார்க்கக் கற்றுத்தரும் நூல்

மா. கிருஷ்ணன் (1912–1996) தொடக்ககாலத் தமிழ் நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் மகன். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய இயற்கை பற்றிய பத்தியை இறக்கும் வரை, 46 ஆண்டுகள் எழுதியவர். ஆங்கிலத்திலேயே மிகுதியாக எழுதிய அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்ததால் இந்நூல் நமக்குக் கிடைத்தது.

இவருடைய சான்று முழுவதும் கண். பார்த்ததைப் பார்த்த அளவில் சொல்கிற கட்டுப்பாடு இந்த எழுத்தில் இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு நாள் எங்கள் தெருவின் வேப்பமரத்தில், பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளிகள் தெளித்த பறவை ஒன்று பழம் தின்றுகொண்டிருந்தது. அதைப் பல ஆண்டுகளாக வேறேதோ பறவை என்று நினைத்திருந்தேன். அது பெண் குயில். நான் குயில் என்று அறிந்திருந்தது கரிய ஆணை மட்டுமே. நாம் வாழ்த்திப் பாடுகிற அந்தக் கூவலும் ஆணுடையதே. ஐம்பது வயதில் தலைக்குமேல் இருந்த பறவையை அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சியை எனக்குத் தந்தது அந்த வாரத்து வாசிப்பு.

செலவு மிகக் குறைவு. நூலில் வரும் பெயரையும் தெருவில் காணும் உயிரையும் பொருத்திப் பார்க்கப் படங்களுள்ள பறவைக் கையேடு ஒன்று தேவைப்படலாம். கட்டுரைகளின் காலம் பழையது என்பதால், அன்று எங்கும் நிறைந்திருந்ததாக அவர் எழுதுகிறவற்றுள் சில இன்று அரிதாகிவிட்டிருக்கக் கூடும். பத்தாம் வகுப்பை ஒட்டிய வயதிலுள்ள பிள்ளைக்கு ஒரு நூல் வாங்க வேண்டும் என்று வருகிற பெற்றோருக்கு நான் சொல்வது இதைத்தான்.

திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908: ஒரே நிகழ்ச்சிக்கு ஒரு நூல்

வரலாறு என்றால் மன்னர்களின் வரிசை என்று பழகிய வாசகருக்கு இது வேறு வகை வரலாற்றை அறிமுகப்படுத்தும். 1908 மார்ச் 12-ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட, மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுகிறது. நகராட்சி அலுவலகம் எரிகிறது, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிகிறது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறக்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் சில வரிகளில் கடந்துபோகிற இந்நிகழ்ச்சிக்கு முழு நூல் எழுத முடியும் என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். ஆ. இரா. வேங்கடாசலபதி 1984-ஆம் ஆண்டிலேயே வ.உ.சி.யின் கடிதங்களைப் பதிப்பித்தவர். அந்த நெடிய தேடலில் விளைந்த இந்நூலுக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

சான்று காட்டுவதில் ஆறு நூல்களில் இதுவே மிகக் கறாரானது. அதனாலேயே முதல் நூலாக எல்லாருக்கும் பொருந்தாது. கப்பலோட்டிய கதையையும் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் ஓரளவு அறிந்தவருக்கே வேகம் பிடிக்கும். அடிக்குறிப்புகளை முதல் வாசிப்பில் தொடாமல் போய், ஐயம் எழுகிற இடத்தில் மட்டும் திரும்பிப் பார்ப்பது நல்லது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வாசகர்கள், போட்டித் தேர்வுக்காக விடுதலைப் போராட்டத்தை மனப்பாடம் செய்து சலித்த இளைஞர்கள் ஆகியோருக்கு இதையே முதலாகத் தரலாம். தேர்வுக் குறிப்பில் ஆண்டும் பெயருமாக நின்றவர்கள் இங்கே தெருவில் இறங்கி நடப்பார்கள்.

சாதியை அழித்தொழித்தல்: எதிர்வாதத்தையும் உள்ளே வைத்திருக்கும் நூல்

இது பேசப்படாத ஒரு பேச்சு. லாகூரில் சாதி ஒழிப்புக்காக இயங்கிய ஜாத் பாத் தோடக் மண்டல் 1936-இல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. முன்கூட்டியே அனுப்பிய உரையைப் படித்துவிட்டுச் சில பகுதிகளை நீக்கும்படி கேட்டது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் மறுக்க, மாநாடே கைவிடப்பட்டது. அவர் அந்த உரையைத் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார்.

நாவல் வாசகர்களிடம் நான் முதலில் இந்தப் பின்னணியைச் சொல்லிவிடுவதுண்டு. ஒரு கருத்தை நிறுவ விரும்புகிறவர், எதிரில் இருப்பவர் என்னென்ன மறுப்புச் சொல்லக்கூடும் என்று தாமே கேட்டு, ஒவ்வொன்றாக எடுத்து விடை சொல்லிக்கொண்டே போகிறார். சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்கிய முறை என்று அவர் காட்டும் இடம் வாதத்தின் கட்டுக்கோப்புக்கு ஒரு சான்று. காந்தி ‘ஹரிஜன்’ இதழில் இந்நூலுக்கு மறுப்பு எழுதியபோது, எட்டணா விலை அதிகம், இரண்டணாவாகவோ நாலணாவாகவோ குறைக்கலாம் என்ற யோசனையையும் சேர்த்தே சொன்னார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் மறுப்பையும் தம் பதிலையும் ஒருங்கே அச்சிட்டார் அம்பேத்கர். தம் நூலுக்குள்ளேயே எதிர்த்தரப்பின் குரலுக்கு இடம் கொடுத்த அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. எதிர்க்கருத்தைப் படித்தே பழகாதவர்கள் பெருகிவரும் இந்நாளில், ஒரே அட்டைக்குள் இரு தரப்பையும் படிக்கக் கிடைப்பது சிறிய பேறு அல்ல.

பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் வழியாக 1930-களிலேயே தமிழுக்கு வந்துவிட்ட இந்நூலுக்கு இன்று பல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. அம்பேத்கரின் தொகுதி நூல்களிலும் இது இருக்கிறது. இங்கேதான் அந்த மறைமுகச் செலவு வருகிறது. சில பதிப்புகளில் முன்னுரை உரையின் அளவுக்கே நீண்டிருக்கும். முன்னுரையைப் படித்துக் களைத்து, உரைக்குள் நுழையாமலே நூலைப் படித்துவிட்டதாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உரை, காந்தியின் மறுப்பு, அம்பேத்கரின் பதில், கடைசியில் முன்னுரை என்ற வரிசையில் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதும். ஆனால் துண்டு துண்டாகப் பேருந்தில் படிக்கக் கூடாது, வாதத்தின் இழை அறுந்துவிடும்.

சேப்பியன்ஸ்: அகலம் வேண்டுவோருக்கு

எபிரேய மொழியில் 2011-இலும் ஆங்கிலத்தில் 2014-இலும் வெளிவந்த இந்நூலின் தமிழ் வடிவம் புத்தகக் காட்சிகளில் கண்ணில் படாமல் போகாது. சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் மனித அறிவாற்றலில் நேர்ந்த மாற்றம், 12,000 ஆண்டுகளுக்கு முன் வேளாண்மை, 500 ஆண்டுகளுக்கு முன் அறிவியல் என்ற மூன்று திருப்பங்களில் மனிதகுலத்தின் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. வேளாண்மையை மனிதரின் வெற்றியாகவே கேட்டு வளர்ந்த நமக்கு, அது மனிதரை ஏமாற்றிய மோசடி என்று இந்நூல் வாதிடும் அத்தியாயம் தூக்கிவாரிப் போடும். பள்ளியில் அறிவியலும் வரலாறும் தனித்தனி அறைகளில் இருந்தன என்ற ஏக்கம் உள்ளவருக்கு இது நல்ல தொடக்கம்.

என் முதல் அளவுகோலின்படி இதற்குக் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். ஆயிரமாயிரம் ஆண்டுகளை ஒரு பத்தியில் கடக்கும்போது, எது அகழாய்வில் கிடைத்தது, எது ஆசிரியரின் ஊகம் என்பது கைநழுவிப்போகிறது. செய்திகளும் பழையதாகின்றன. நம் இனம் கிழக்கு ஆப்பிரிக்காவில் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாக நூல் சொல்லும். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் என்று 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இதற்காக நூலை ஒதுக்க வேண்டியதில்லை. அறிவியல் சார்ந்த எந்த நூலை வாங்கினாலும், பதிப்பாண்டைப் பார்க்காமல் மூலநூல் வந்த ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவின் முன்வரலாறு மட்டும் போதும் என்பவர்களுக்கு, மரபணு ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்ட டோனி ஜோசஃபின் ‘ஆதி இந்தியர்கள்’ இதைவிடப் பொருத்தம். அந்நூல் ஆய்வுகளைப் பெயர் சுட்டியே நகர்கிறது.

உங்கள் நிலைக்கு எது

நாள்தோறும் அரைமணி நேரம் உறுதியாகக் கிடைக்கும், அவசரம் இல்லை என்றால் என் பரிந்துரை ‘என் சரித்திரம்’. கதையின் ஈர்ப்பு குறையாமலேயே ஆய்வின் ஒழுக்கத்துக்குள் உங்களை அழைத்துச் செல்ல இந்த ஆறில் அதற்கு இணை இல்லை. பணியும் வீடும் சேர்ந்து அழுத்தி, தொடர்ச்சியே கிடைக்காத நாள்களாக இருந்தால் ‘பண்பாட்டு அசைவுகள்’. கூர்மையாக வாதிடுவதில் விருப்பமுள்ள கல்லூரி மாணவர் என்றால் அம்பேத்கரைத் தவிர வேறு எதையும் முதலில் சொல்லமாட்டேன். பணி ஓய்வு பெற்ற தந்தைக்கு வாங்கிக் கொடுக்க எண்ணுகிறவர்கள், அவருடைய கண்ணின் நலத்தை முன்னிட்டு எழுத்தின் அளவைக் கடையிலேயே பிரித்துப் பார்த்துவிட வேண்டும். எத்தனை நல்ல நூலானாலும் பொடி எழுத்தில் இருந்தால் அலமாரிக்குத்தான் போகும்.

இந்த ஆறில் எதுவும் மனத்துக்கு ஒட்டவில்லை என்று சொல்பவர்களுக்காகப் பயணத் துறையிலிருந்து ஒரு நூலை நான் எப்போதும் கைவசம் வைத்திருக்கிறேன். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதற்காக உலகெங்கும் படச் சுருள்களைத் தேடி அலைந்து, 1940-இல் அதை வெளியிட்ட ஏ. கே. செட்டியார், அந்த அலைச்சலை எழுதிய ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. சின்னச் சின்ன வாக்கியங்கள், தம்மைப் பற்றி மிகக் குறைவான சொற்கள், ஒவ்வொரு சுருளும் யாரிடமிருந்து எப்படிக் கிடைத்தது என்ற விவரம். சான்று தேடுவதே கதையாக அமைந்த சிறிய நூல் அது.

எதை எடுத்தாலும், வாங்குவதற்கு முன் கிளை நூலகத்தில் ஒருமுறை எடுத்து ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள். அந்த ஐம்பது பக்கத்துக்குள் ஓர் இடத்திலாவது, “இவருக்கு இது எப்படித் தெரியும்?” என்று உங்களுக்குத் தோன்றி, விடையைத் தேடிப் பக்கத்தைத் திருப்பியிருந்தால் அந்த நூலை விலை கொடுத்து வாங்கலாம்.